பெரிய ஸ்லோ குக்கர்: பெட்டியில் எழுதாத கணக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் மூன்று லிங்க் அனுப்பியிருந்தார். "இதுல எதை வாங்கலாம்? நீதான் எல்லாத்துக்கும் எக்செல் போடுற ஆளாச்சே" என்று கூடவே ஒரு வரி. மூன்றும் ஸ்லோ குக்கர். இரண்டு 8 குவார்ட், ஒன்று 10 குவார்ட். அவர் வீட்டில் அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரம்.

"ஆறுக்கு மேல வேண்டாம்" என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். அது ஒரு வரியில் சொல்லக்கூடியது இல்லை. என்னிடம் 8 குவார்ட் ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் நானும் மூன்று வாரம் எக்செல் போட்டேன்: விலை, கொள்ளளவு, ஸ்டார், டைமர் உண்டா, மூடியில் பூட்டு உண்டா, பாத்திரம் டிஷ்வாஷரில் போகுமா என்று பதினோரு காலம். அந்தப் பதினொன்றில் எதுவும் பின்னால் உதவவில்லை. போட்டிருக்க வேண்டிய இரண்டு காலம் அதில் இல்லவே இல்லை. அந்த இரண்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரைஸ் குக்கர் இல்லை, பிரஷர் குக்கரும் இல்லை. ஊறுகாய் ஜாடி மாதிரி கனமான பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றி ஒரு தகர உறை, உறைக்குள் சட்டியின் இடுப்பைச் சுற்றி ஓடும் ஹீட்டர் பட்டை, மேலே கண்ணாடி மூடி. காலையில் சாமான்களைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் வெந்திருக்கும். ஆவி அழுத்தம் கிடையாது, விசில் கிடையாது. விறகடுப்பில் தணல் மட்டும் இருக்கும்போது பானையை அதன்மேல் விட்டுவிட்டு வயலுக்குப் போவார்களே, அந்த வேலையைக் கரண்டில் செய்கிறது. இந்தியாவிலேயே இப்படி ஒன்று முன்பு இருந்தது. 1910ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் இக்மிக் குக்கர் என்று ஒன்றைச் செய்தார்: அடியில் கரி, மேலே அடுக்கடுக்காகச் சாதம், பருப்பு, காய்.

அமெரிக்க ஸ்லோ குக்கரின் கதை பயறில் ஆரம்பிக்கிறது. இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் 1936ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940ல் வாங்கினார். தூண்டுதல் அவருடைய அம்மா சொன்ன கதை. லிதுவேனியாவின் வில்னாவில் யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறு, கறி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட சட்டியை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை ஓய்வு நாள், தீ மூட்டக்கூடாது. அடுப்பு ஆறிக்கொண்டே இருக்கும், சட்டி ராத்திரி முழுக்க வெந்துகொண்டே இருக்கும். சோலன்ட் என்று அதற்குப் பெயர். நாக்ஸன் அந்த அடுப்பை ஒரு மின்சாதனமாகச் சுருக்கினார். அவர் வைத்த பெயரிலேயே பயறு இருந்தது: நாக்ஸன் பீனரி. 1970ல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த வருடம் க்ராக்-பாட் என்று பெயர் மாற்றிக் கடைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. நான்கைந்து வருடத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது.

ஆக, இது பயறு வேகவைக்கப் பிறந்த சாதனம். நான் அதில் மாட்டிக்கொண்டதும் பயறில்தான்.

அதற்கு முன்னால் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கரண்டுக் கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம், ஆனால் பெரிய சைஸின் பிரச்சினை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

குமிழ் வைத்த சாதாரண ஸ்லோ குக்கர்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. லோ என்றால் குறைந்த வாட், ஹை என்றால் கூடுதல் வாட், அவ்வளவுதான். உள்ளே என்ன சூடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. போகும் சூடும் வரும் சூடும் சமமாகும் இடத்தில் குழம்பு தானாக நின்றுகொள்ளும். லோ என்றால் 70 டிகிரி, ஹை என்றால் 95 டிகிரி என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. க்ராக்-பாட் நிறுவனமே சொல்வது இது: இரண்டிலும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஒன்றுதான், கொதிக்கு ஒரு படி கீழே, சுமார் 98 டிகிரி செல்சியஸ். ஹையில் அங்கே போக 3 முதல் 4 மணி நேரம், லோவில் 7 முதல் 8 மணி நேரம். அதாவது லோ, ஹை என்பது எவ்வளவு சூடு என்பதைச் சொல்லவில்லை, எவ்வளவு நேரத்தில் என்பதைத்தான் சொல்கிறது. சமையல் குறிப்பில் "லோவில் 8 மணி நேரம்" என்று போட்டிருந்தால், அந்த எட்டில் பெரும்பகுதி சூடேறுவதற்கே போகிறது.

இப்போது சைஸுக்கு வருவோம். ஒரு குவார்ட் என்பது முக்கால் வீசம் குறைய ஒரு லிட்டர், சரியாகச் சொன்னால் 0.95. என்னுடைய 8 குவார்ட் 7.6 லிட்டர். ஹையில் 300 வாட், லோவில் சுமார் 200. அதில் மூன்றில் இரண்டு பங்கு, 5 லிட்டர் குழம்பு என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாமான், 5 டிகிரி. பாக்டீரியா பெருகும் எல்லையைத் தாண்டுவதற்கு 60 டிகிரிக்கு வர வேண்டும். 5 லிட்டரை 55 டிகிரி ஏற்ற 1150 கிலோஜூல். நாலரைக் கிலோ பீங்கானும் கூடவே சூடாக வேண்டும், அதற்கு இன்னொரு 160. மொத்தம் 1310. அதை 200 வாட்டால் வகுத்தால் ஒரு மணி ஐம்பது நிமிடம். இது ஒரு துளி சூடு கூட வெளியே போகவில்லை என்று நினைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் தகரத்திலும் மூடியிலும் போய்க்கொண்டே இருக்கும், எனவே இன்னும் கூடும். 60 டிகிரிக்கே இந்தக் கதி என்றால் கொதிக்குப் பக்கத்தில் போவது எப்போது?

கடையில் நின்று அடித்தகடுகளைத் திருப்பிப் பார்த்ததில் தெரிந்தது, கொள்ளளவு இரட்டிப்பானால் வாட் இரட்டிப்பாவதில்லை. கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய சட்டிக்குக் கொள்ளளவோடு பார்த்தால் மேற்பரப்பு குறைவு, எனவே சூடான பிறகு அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கொஞ்சம் வாட் போதும். ஆனால் கீழேயிருந்து மேலே ஏற்றுவதற்கு அது போதாது. சின்னதில் ஒளிந்துகொள்ளும் மந்தம் பெரியதில் வெளியே வந்துவிடுகிறது. நான் எக்செலில் போடாமல் விட்ட முதல் காலம் இதுதான்: வாட்டைக் குவார்ட்டால் வகுத்தால் வருவது. பெட்டிமேல் குவார்ட்டைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வாட்டைச் சாதனத்தைக் கவிழ்த்தால்தான் பார்க்க முடியும். நான் படித்த ரிவ்யூக்களில் பாதிக்கு மேல் "எட்டு பேருக்குத் தாராளம்", "கோழி முழுசாக உட்காரும்" என்று எழுதியிருந்தன. சூடேற எவ்வளவு நேரம் என்று ஒன்றில்கூட இல்லை.

சரி, ராஜ்மா.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். பிப்ரவரி, வெளியே பனி. குக்கர் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது, எதைப் பார்த்தாலும் அதற்குள் போடத் தோன்றும் காலம். மகளுக்கு ராஜ்மா பிடிக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று கப் ஊறப்போட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீரை வடித்துவிட்டு, தக்காளி, வெங்காயம், மசாலா எல்லாவற்றையும் சேர்த்துக் குழாய்த் தண்ணீர் ஊற்றி லோவில் வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கொதி விட்டுட்டுப் போடக்கூடாதாப்பா?" என்றார். "அதுக்குத்தானேம்மா மெஷினே வாங்கியிருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். வாசனை பிரமாதம். பயறு வெந்த மாதிரிதான் இருந்தது, அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் பல்லில் தட்டியது. அம்மாவுக்குச் சனிக்கிழமை ஒருபொழுது, ராத்திரிதான் சாப்பிடுவார். என் மனைவி வெளியே போயிருந்தாள். சாப்பிட்டது நான், அப்பா, மகள் மூன்று பேர். ஐந்து மணிக்குள் மூன்று பேருக்கும் வாந்தி. எனக்கும் மகளுக்கும் எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிட்டது. அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, எழுந்தால் தலை சுற்றியது. எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் ட்ரிப்ஸ் ஏற்றி, அதிகாலை மூன்று மணிக்குத் திரும்பினோம். விசிட்டர் இன்ஷூரன்ஸில் எவ்வளவு போனது, எவ்வளவு கையிலிருந்து போனது என்பதை விடுங்கள். அந்த வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்த நாலு மணி நேரம் நான் யாரிடமும் பேசவில்லை.

ராஜ்மாதான் காரணம் என்று யாரும் சோதனைச் சாலையில் நிரூபிக்கவில்லை. ஆனால் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வந்தது, சாப்பிடாத இரண்டு பேருக்கும் வரவில்லை. நேரமும் அடையாளமும் அச்சாகப் பொருந்துகிறது. அன்று ராத்திரி அங்கேயே போனில் தேடிப் படித்தேன். வாங்குவதற்கு முன் தேடியிருக்க வேண்டியது.

சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது, லெக்டின் வகை. பச்சைப் பயறில் அதன் அளவு 20,000 முதல் 70,000 அலகு, நன்றாகக் கொதித்து வெந்ததில் 200 முதல் 400. வேகாத பயறு நாலைந்து உள்ளே போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி ஆரம்பிக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, உணவில் வரும் நச்சுகள் பற்றிய தன் கையேட்டில் இதை எழுதியிருக்கிறது, ஸ்லோ குக்கரைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஸ்லோ குக்கரில் சமைத்த பயறு வகைகளைச் சோதித்தபோது உட்சூடு பல நேரம் 75 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தச் சூட்டில் இந்தப் புரதம் அழியாது. அதைவிட மோசம், 80 டிகிரி வரை மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை ஏறலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடச் சொல்கிறார்கள். உண்மையில் முழுக் கொதியில் 10 நிமிடத்திலேயே அழிந்துவிடுகிறது, மீதி பாதுகாப்புக்கு. வெள்ளை ராஜ்மாவில் இதே சமாச்சாரம் மூன்றில் ஒரு பங்குதான். கொண்டைக்கடலை, துவரை, உளுந்தில் இந்த அளவுக்குக் கிடையாது. நான் தக்காளி போட்டதும் தப்பு: புளிப்பு இருந்தால் பயறு வேகவே வேகாது.

ஏழு மணி நேரம், லோ, குளிர்ந்த தண்ணீர், 8 குவார்ட்டில் நாலரை லிட்டருக்கு மேல். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். இதே தப்பைச் சின்னக் குக்கரில் செய்திருந்தால் தப்பித்திருப்போமா? உறுதியாகச் சொல்ல முடியாது, அங்கேயும் செய்யக்கூடாத வேலைதான் இது. ஆனால் சைஸ் ஏற ஏற மன்னிப்பு குறைகிறது.

அம்மா கேட்ட அந்த ஒரு கொதிக்குப் பின்னால் எந்த லெக்டினும் இல்லை. அவருடைய அம்மா அப்படிச் செய்தார், இவரும் செய்கிறார். சோலன்ட் சட்டிக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பு முதலில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்து பிறகு மெல்ல ஆறும். சட்டி முதலில் கொதித்துவிட்டுப் பிறகு புழுங்கும். நம் ஸ்லோ குக்கரில் வரிசை தலைகீழ்: குளிரில் ஆரம்பித்துக் கடைசியில் கொதியைத் தொடுகிறது. நாக்ஸன் அடுப்பின் மென்மையை எடுத்துக்கொண்டார், அதன் ஆரம்பச் சூட்டை விட்டுவிட்டார். இந்தச் சாதனத்தின்மேல் எனக்குள்ள அடிப்படைப் புகார் இதுதான். எண்பது தொண்ணூறு வருடத்தில் யாராவது முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் 1000 வாட் கொடுத்துவிட்டு அப்புறம் தானாக இறங்குகிற மாதிரி ஒன்றைச் சாதாரண விலையில் எல்லாக் கடையிலும் கிடைக்கச் செய்திருக்கலாம். ஒரு டைமரும் ஒரு ரிலேயும் போதும். அதற்குப் பதில் மூடிக்குப் பூட்டு, ப்ளூடூத் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள்.

விடுபட்ட இரண்டாவது காலம் பாதி. இந்த நாட்டு விவசாயத் துறை, ஸ்லோ குக்கரைப் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டுக்கு மேற்படாமலும் நிரப்பச் சொல்கிறது. காரணம், ஹீட்டர் சட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. கொஞ்சமாகப் போட்டால் ஓரமெல்லாம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது "இதில் அதிகபட்சம் எவ்வளவு கொள்ளும்" என்பதை இல்லை, "குறைந்தபட்சம் எவ்வளவு செய்தே ஆக வேண்டும்" என்பதை. 8 குவார்ட்டில் பாதி 3.8 லிட்டர். ஒரு ஆளுக்கு 280 மில்லி குழம்பு என்றால்கூட 13 பேர் சாப்பிடலாம். நாலு பேர் உள்ள வீட்டில் அது மூன்று வேளைக்கு மேல் வரும். "மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் போச்சு" என்று நானும் நினைத்தேன். சூடான பீங்கான் சட்டியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. ஊறுகாய் ஜாடி மாதிரி அது சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கெட்டுப்போவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தட்டையான டப்பாக்களில் பிரித்து ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழு டப்பா தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேலை. அதைத் திரும்பச் சூடாக்கவும் ஸ்லோ குக்கர் ஆகாது, அடுப்பில் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

இவ்வளவு சொன்னபிறகு, இரண்டு வருடமாக ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். சில விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அதனால்தான்.

ஆட்டுக்கால் பாயா. பிரஷர் குக்கரில் ஆறேழு விசிலில் கால் வெந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலும்பிலிருந்தும் நரம்பிலிருந்தும் கொலாஜன் இறங்கி ஜெலட்டினாக மாறி, விரல் ஒட்டுகிற பதத்துக்கு ரசம் வருவதற்கு நேரம்தான் வேண்டும். முதலில் கால்களை அடுப்பில் ஒரு கொதி விட்டு, பொங்கும் நுரையைக் கொட்டிவிட்டு, குக்கரில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஹையில் ஒரு மணி, பிறகு லோவில் ராத்திரி முழுக்க. காலையில் வதக்கிய மசாலாவும் தேங்காய்ப் பாலும் அடுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது தடவை இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொண்டார். அதுபோல எலும்பு சூப், கொண்டைக்கடலை, முழு உளுந்துப் பருப்பு. பன்னிரண்டு பேர் வருகிற நாளில் அடுப்பின் நாலு பர்னரும் வேறு வேலையில் இருக்கும்போது, மட்டன் குழம்பு ஒரு மூலையில் தன்பாட்டுக்கு இருப்பது பெரிய நிம்மதி. பெரிய சைஸின் நியாயம் அந்த நாள்தான்.

மற்றபடி, நம் சமையலுக்கும் இதற்கும் ஒரு வாய்க்கால் தகராறு உண்டு. இந்த ஊர்க் குறிப்புகளில் எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டிவிட்டுக் கிளம்பலாம் என்பார்கள். நம் குழம்பின் ருசி வதக்குவதிலும் தாளிப்பதிலும் இருக்கிறது, இரண்டுக்கும் 100 டிகிரிக்கு மேல் எண்ணெய்ச் சூடு வேண்டும். இதில் அது கிடைக்காது. வெங்காயம் வேகும், வதங்காது. மிளகாய்த்தூள் பச்சை வாசத்தோடே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். மூடி இறுக்கமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, காய் விடும் தண்ணீர் அங்கேயே நிற்கும், ஆக நம் வழக்கமான அளவில் தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்க்கும். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொள்ளும். தினசரி சாம்பாருக்குப் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடிக்கிற பிரஷர் குக்கரை விட்டுவிட்டு இதைத் தொடுவது வீண்வேலை. லோவில் 8 மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கரண்ட். பெரிய தொகை இல்லைதான், ஆனால் சும்மாவும் இல்லை.

வாங்கியே தீருவது என்றால் இன்னும் சில விஷயம். சட்டி முட்டை வடிவத்தில் இருந்தால் ஆட்டுக்கால், முழுக்கோழி படுக்கும். குழம்பும் பயறும்தான் என்றால் வட்டமே போதும், சூடு சீராகச் சுற்றும். மூடி கண்ணாடியாக இருக்கட்டும், திறக்காமல் பார்க்கலாம். ஒவ்வொரு தடவை திறப்பதற்கும் இருபது நிமிடம் போச்சு. எடையைத் தூக்கிப் பாருங்கள். என்னுடைய சட்டி மட்டும் நாலரைக் கிலோ, குழம்போடு ஒன்பதரை. என் அம்மாவால் அதை ஸிங்க்குக்குக் கொண்டுபோக முடியாது, என் மனைவி மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனவே அதைக் கழுவுவது வீட்டில் எப்போதும் என் வேலை. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிந்துவிடும், அந்தப் பொறுமையும் வேண்டும்.

டிஜிட்டலா குமிழா என்பதில் நான் கட்சி மாறியிருக்கிறேன். நேரம் முடிந்ததும் டிஜிட்டல் தானாக வார்ம் நிலைக்குப் போகும், அது உபயோகம். குமிழ் வைத்ததில் நாம் வந்து அணைக்கும்வரை ஓடும். ஆனால் கரண்ட் போய் வந்தால் பல டிஜிட்டல் குக்கர்கள் அணைந்தே கிடக்கும். குமிழ் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடும். முதலில் எனக்குக் குமிழ்தான் நல்லது என்று பட்டது. இப்போது அணைந்து கிடப்பதே நல்லது என்கிறேன். நாம் இல்லாதபோது கரண்ட் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று குமிழ் சொல்லாது. நடுவில் மூன்று மணி நேரம் ஆறிக்கிடந்த கறியை நாம் தெரியாமல் சாப்பிடுவோம். அணைந்து கிடந்தால் குப்பைக்குப் போகும், அவ்வளவுதானே. டைமர் வைத்துத் தாமதமாக ஆரம்பிக்கும் வசதி இருந்தால் அதைக் கறிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். பல வேலை செய்யும் மின்சார பிரஷர் குக்கர்களில் ஸ்லோ குக் என்று ஒரு பொத்தான் இருக்கும். அவற்றில் சூடு அடியிலிருந்து மட்டும்தான், பாத்திரமும் மெல்லிய ஸ்டீல். நான் முயற்சித்தவரை அதை ஸ்லோ குக்கர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊரிலிருந்து "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாயேன்" என்று கேட்பவர்களுக்கு: இங்கே விற்பது 120 வோல்ட். அதை ஊரில் 230ல் நேராகச் செருகினால் வாட் இரண்டு மடங்கு ஆகாது, வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 3.7 மடங்கு. 300 வாட் சாதனம் 1100 வாட் இழுக்கும். நான் மேலே கேட்ட அந்த ஆரம்பச் சூடு கிடைக்கும்தான், ஒரே ஒரு தடவை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், அதற்குப் பத்துக் கிலோவை லக்கேஜில் ஏற்றி, டிரான்ஸ்ஃபார்மருக்கும் காசு கொடுத்து... மண்சட்டியும் கட்டித் தணலும் கிடைக்கிற ஊரில் எதற்கு?

நண்பருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "அப்ப பெரிசு வேண்டவே வேண்டாமா?" என்றார். உன் வீட்டில் வருடத்துக்கு எத்தனை நாள் பத்துப் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். மனைவியைக் கூப்பிட்டு இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். பொங்கல், கொலு ஒரு நாள், மகன் பிறந்தநாள், தேங்க்ஸ்கிவிங். நாலு. மற்ற நாட்களுக்கு அவர்களுக்கு 4 குவார்ட்டே போதும், கொஞ்சம் தாராளமாக வேண்டுமென்றால் 6. அடித்தகட்டைப் புரட்டிப் பார்த்து, இரண்டு மாடல் சமமாகத் தோன்றினால் வாட் அதிகமுள்ளதை எடுக்கச் சொன்னேன். ராஜ்மா விஷயத்தை மட்டும் அவர் மனைவியிடம் தனியாக இன்னொரு தடவை சொன்னேன். "எங்கம்மா கொதிக்கவெச்சுத்தான் போடுவாங்க, ஏன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அந்த நாலு நாளுக்கு என்னுடைய 8 குவார்ட்டை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். மூடியின் கைப்பிடி கொஞ்சம் ஆடும், சொல்லியிருக்கிறேன். கழுவித்தான் திருப்பித் தர வேண்டும்.